மாமாவுக்கு ஒரு ஆடாத ஸ்டாண்டு

மாமா,

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் என் தையல் மெஷினுக்குப் பழைய சாம்பல் நிறத் துணி வந்தது. அந்த கார் மாடலை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஆனாலும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு சீட் கவர் வேண்டுமே, அதற்காக எப்போதாவது ஒரு சின்ன ஆர்டர் வரும். துணியின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபோம் ஊசிச் சூட்டில் லேசாகக் கருகும்போது ஒரு வாசனை எழும். புது ரப்பர் செருப்பும் சுட்ட அப்பளமும் கலந்த மாதிரி. அது மூக்கில் ஏறியதும் என் கால் பெடலிலிருந்து தானாக எழுந்துவிட்டது.

"இன்னாக்கா, நூல் அறுந்துச்சா?" என்று பக்கத்து மெஷின் பெண் கேட்டாள்.

"இல்ல, ஒண்ணுமில்ல" என்றேன். எங்கள் மாமாவின் டெலஸ்கோப்புக்கு நான் தைத்த பைகள் இதே துணிதான் என்று அவளிடம் ஆரம்பித்தால் அன்றைய டார்கெட் போய்விடும். அதனால் உங்களிடமே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வருவதற்கு முன்னால் குடித்தனக்காரியாக வந்தவள். மண்ணூரில் உங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். கடைசி அறையில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள் நாங்கள் நாலு பேர். ஒரகடத்தில் சீட் கவர் தைக்கும் கம்பெனியில் வேலை. உங்கள் மகனும் நானும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தோம். மற்றதைத் தெருவே பேசி முடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு நீங்கள் மறுப்புச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மாலை எடுத்துக் கொடுத்தீர்கள், பந்தியில் நின்று பரிமாறினீர்கள், அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை முன்பே காலமாகிவிட்டதால் நடுவில் நின்று பேசவும் ஆள் இல்லை. நான் அடுப்படியில் நிற்பேன், நீங்கள் மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "டேய், அந்தப் பொண்ணாண்ட கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு" என்பீர்கள். உங்கள் மகன் வீட்டில் இல்லாத நாட்களில் ரசம் இல்லாமலேயே எழுந்துவிடுவீர்கள்.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் அந்தக் குழாய் வந்தது. லாரி கம்பெனியில் கிரேன் ஓட்டிய நீங்கள் ரிட்டயர் ஆகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பகலெல்லாம் கேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தீர்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த இன்ஜினியர் புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது, "தாத்தா, இதை எடுத்துட்டுப் போக முடியல, நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று கொடுத்தது. ஐந்து அங்குலக் கண்ணாடி பதித்த டெலஸ்கோப். குழாய் மட்டும்தான். வீடு மாறும்போது ஸ்டாண்டு எங்கோ தொலைந்துவிட்டதாம். நீங்கள் அதை கேஸ் சிலிண்டர் மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தீர்கள். உங்கள் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"இத்த வெச்சிக்கினு இன்னாப்பா பண்ணப் போற?" என்று உங்கள் மகன் கேட்டார்.

"நெலாவப் பாக்கப் போறேன். ஏன், பாக்கக் கூடாதா?"

அவர் உடனே தெரிந்த போட்டோக்காரரிடம் கல்யாண வீடியோ எடுக்கிற ட்ரைபாடை இரவல் வாங்கி வந்தார். சாயங்காலம் ஆறு மணி, வெளிச்சம் போகாத வானத்தில் பாதி நிலா. மூன்று பேரும் மாடியில். குழாயை ட்ரைபாடின் தலையில் கட்டியதும் அது தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடிவிட்டு மெதுவாக மூக்கைத் தரையில் கவிழ்த்தது. தூக்கி வைத்தால் மறுபடியும் கவிழ்ந்தது. ஒருவழியாக இறுக்கி நிறுத்திக் கண்ணை வைத்தால், நிலா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடுகிறது. உங்கள் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. குழாயைத் தடவிக்கொண்டு நின்றீர்கள்.

நான் துணி எடுக்க வந்தவள், கொடிக்குப் பக்கத்திலிருந்து வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கொழாயில கொறை இல்ல மாமா. பாரம் பெருசு, காலு சிறுசு. ஸ்டாண்டைத்தான் மாத்தணும்."

குழாயைத் தடவிக்கொண்டிருந்த உங்கள் கை நின்றது. பிறகு நீங்கள் உங்கள் மகனைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "அது எப்படி உனுக்குத் தெரியும்?"

"மெஷினுக்கு அடியில இருக்க ஸ்டாண்டு ஆடுச்சுன்னா தையல் வளைஞ்சிரும்லா. தைக்கிறவளுக்கு மொதல்ல ஸ்டாண்டுதான் மாமா."

"அப்போ இன்னா ஸ்டாண்டு வாங்கலாம்ன்ற?"

அன்று நான் கொடியில் கிடந்த துணியை எடுக்க மறந்து கீழே வந்துவிட்டேன். உங்கள் மகன் படியிறங்கி வந்து, "உன்னாண்ட பேசிட்டாரு" என்றார், ஏதோ பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரி.

அடுத்த இரண்டு வாரம் நம் இருவருக்கும் அதுதான் பேச்சு. நான் ஷிப்ட் முடித்து வந்ததும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். டெலஸ்கோப்புக்குக் கால்கள் மட்டும் போதாது, காலுக்கும் குழாய்க்கும் நடுவில் மவுண்ட் என்று ஒன்று வேண்டும், குழாயைத் திருப்புவதும் நிறுத்துவதும் அதன் வேலை என்று தெரிந்துகொண்டோம். ஒரு படத்தைப் பார்த்ததும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் கம்பியில் இரும்புக் குண்டு.

"தோ பாரு, கவுன்டர் வெயிட்டு. நம்ம கிரேன்ல கீற மாதிரியே. இதான் வோணும்."

நான் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தலையாட்டினேன். அது வந்து சேர்ந்ததும் நீங்களே மாட்டினீர்கள், குண்டை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை பார்த்தீர்கள். அதில் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த மவுண்டின் அச்சை வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். நம் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்தை விட்டு அதிகம் ஏறாது. வடக்குப் பக்கம் கம்பெனி ஷெட்டு, அதன் தலையில் விளக்கு. சரி, குத்துமதிப்பாக வைப்போம் என்று அச்சைத் தாழ்த்தினால், குண்டு வந்து ட்ரைபாட் காலில் இடித்தது. இடிக்காமல் திருப்பினால் கண் வைக்கும் இடம் குழாயின் அடிப்பக்கம் போய்விட்டது. நீங்கள் முட்டி வலியோடு ஒருக்களித்துக் குனிந்து, கழுத்தை மேலே திருப்பிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்து மாடி அறைப் பையன் ஒருவன், "ஐயா, ஏதும் சுளுக்கா?" என்று கேட்டான்.

"இது குளிர் தேசத்துக்காரனுக்குப் பண்ணது" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். இரும்புக் குண்டை மட்டும் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவதை நான் தேர்ந்தெடுத்தேன். குண்டு இல்லை, சாய்வு இல்லை. மேல் கீழ், இடம் வலம், இரண்டே அசைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு, அதைத் திருப்ப ஒரு வளையும் கம்பி. கால்கள் தடித்த இரும்புக் குழாய். கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்தால் உறுதி இன்னும் கூடும். ஸ்டூலில் உட்கார்ந்தே பார்க்கலாம், முட்டிக்கும் நல்லது. நீங்கள் ஒரு சோதனை வைத்திருந்தீர்கள். கிரேனில் தூக்கிய பாரம் ஊசலாடி நிற்கும்வரை எண்ணுவார்களாம். அதே மாதிரி குழாயைத் தட்டிவிட்டு, நிலா நிற்கும்வரை எண்ண வேண்டும். கல்யாண ட்ரைபாடில் பன்னிரண்டு வரை எண்ணினோம். குண்டு மவுண்டில் ஐந்து. இந்த இரும்புக் காலில், நான் கண்ணை வைத்துக்கொள்ள நீங்கள் தட்டினீர்கள். இரண்டு சொல்வதற்குள் நிலா சிலை மாதிரி நின்றுவிட்டது.

"நின்னுருச்சு மாமா. பாருங்க."

நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்கள். "ஆடுதே" என்றீர்கள்.

மறுநாளும் ஆடியது. உங்கள் மகன் ட்ரைபாடின் நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டார். அப்போதும் உங்களுக்கு ஆடியது. கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்தோம். நான்காம் நாள் குழாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தீர்கள். "எல்லாம் ஏமாத்து வேலை. இத்தையும் அனுப்பிடு. நமக்கு இதெல்லாம் சரிப்படாது."

"நமக்கு" என்று நீங்கள் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் அனுப்பிவிட்டால் நாளைக்கு நாம் எதைப் பேசுவோம் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் பாப்போம் மாமா" என்று கெஞ்சி உட்காரவைத்தேன். நீங்கள் கண்ணை வைத்தீர்கள். நான் நிலாவைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தேன்.

உங்கள் வலது கை, படத்தைத் தெளிவாக்கும் திருகின் மேல் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொடி தேய்ப்பது போல ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. ஸ்டாண்டு ஆடவே இல்லை.

அப்போதுதான் மற்றவை வரிசையாக நினைவுக்கு வந்தன. கொஞ்ச நாட்களாக நீங்கள் டீயைப் பாதி டம்ளர்தான் கேட்டீர்கள். பால் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடாமல் என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். சாயங்காலம் தெருவில் நிற்கும்போது வலது கையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள். எவ்வளவோ பெரிய பாரங்களை ஒரு விரற்கடை பிசகாமல் இறக்கிய கை. அது நடுங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்டாண்டைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மகனிடம்கூட. அன்று படுத்துக்கொண்டே யோசித்தேன். தையலுக்குப் புதிதாக வருகிறவர்கள் துணியைப் பிடித்து இழுப்பார்கள், தையல் கோணும். மெஷினே துணியை நகர்த்திக்கொள்ளும், கை சும்மா வழி காட்டினால் போதும் என்று சொல்லித்தான் பழக்குவோம். இதிலும் கையை எடுத்துவிட்டால்?

மறுநாள் நான் செய்தது மூன்றே மூன்று காரியம். தெளிவாக்கும் திருகில் துணிக்கொடி கிளிப் ஒன்றை மாட்டினேன். திருகைப் பிடிக்க வேண்டாம், கிளிப்பின் வாலை ஒரு விரலால் லேசாகத் தள்ளினால் போதும். இரண்டாவது, மவுண்டின் திருகுகளைத் திருப்பும் குட்டைக் கம்பிகளைக் கழற்றிவிட்டு நீளமான கம்பிகளை வாங்கி மாட்டினேன். கையின் அதிர்வு அந்த வளைவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாவது, ஒரு சட்டம். நிலாவைப் படத்துக்குள் கொண்டுவந்ததும் பார்க்கிறவர் இரண்டு கையையும் எடுத்துப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லோருக்கும், மாடி அறைக்காரர்களுக்கும், விருந்தாளிகளுக்கும்.

"எதுக்கு?" என்று கேட்டீர்கள்.

"எனக்கும் ஆடுது மாமா. நாம எல்லாருமே பிடிச்சிக்கிட்டே பாக்குதோம், அதான்."

என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தீர்கள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பியைத் திருப்பி, கிளிப்பைத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தீர்கள். கீழே தெருவில் ஏதோ வண்டி போனது. ரொம்ப நேரம் கழித்து, "அம்மாடி. பள்ளத்துக்குள்ள நெழலு தெரியுது" என்றீர்கள். அன்று அந்த ஸ்டூலிலிருந்து உங்களை எழுப்பிச் சாப்பிட வைக்கப் பெரும்பாடு பட்டோம்.

நிலாவும் வியாழனும் நின்று காட்டிய பிறகு உங்களுக்கு வீடு போதவில்லை. "நாலு பேருக்குக் காட்டணும்மா" என்றீர்கள். தூக்கிப் போக வேண்டும் என்றால் பை வேண்டும். உங்களுக்கு எல்லாம் அடங்கிய ஒரே பெரிய பெட்டி. எனக்கு மூன்று பைகள்: குழாய்க்கு ஒன்று, ஸ்டாண்டுக்கு ஒன்று, கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடியான கண்வில்லைக்கு ஒன்று. அதில்தான் நாம் உண்மையாகச் சண்டை போட்டோம்.

"ஒண்ணா இருந்தா ஒண்ணும் தொலையாது."

"இரும்புக் காலு உருண்டு கொழாயில இடிச்சா, உள்ள கண்ணாடி நகந்துரும் மாமா. ஒரே பெட்டின்னா தூக்கவும் ரெண்டாளு வேணும்."

"நான் தூக்குவேன்."

"நீங்க ஒண்ணைத் தூக்குங்க. கண்வில்லைப் பை உங்களுக்கு. அதுதான் ஒடையிற சாமான், வேற யார்ட்டயும் குடுக்க மாட்டேன்."

நீங்கள் எழுந்து போய் இன்ச் டேப்பை எடுத்து வந்தீர்கள்.

லைனில் கறைபட்டு ஒதுக்கிய சாம்பல் துணியை, சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸ் எழுதி வெளியே கொண்டுவந்தேன். பாஸில் காரணம் என்ற இடத்தில் 'டெலஸ்கோப் உறை' என்று எழுதியிருந்ததைப் பார்த்து செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்திவிட்டார். "டெலஸ்கோப்பா? சீட்டுல உக்காந்துக்கினு எத்த பாக்கப் போறாங்க?" அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

குழாயின் பைக்கு இரண்டு விரல் தடிமன் ஃபோம். கைப்பிடியை நடுவில் தைக்கவில்லை. குழாயை ஒரு கட்டையின் மேல் வைத்து எங்கே சாயாமல் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டீர்கள். கோட்டுக்கு இரு பக்கமும் பட்டையைக் கட்டம் கட்டி, குறுக்கே பெருக்கல் குறி போட்டுத் தைத்தேன், சீட் பெல்ட் பட்டைக்குப் போடுகிற மாதிரி. நீளம் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் நுழையும் அளவு. அதற்காக நீங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற வண்டியை இன்ச் டேப்பால் அளந்தபோது, டிரைவர் நீங்கள் ஆர்டிஓ ஆபீஸ் ஆள் என்று நினைத்து வணக்கம் வைத்தாராம். கண்வில்லைப் பைக்கு மட்டும் கைப்பிடி கிடையாது. குறுக்கே மாட்டும் தோள்பட்டை. கைக்கு வேலை இல்லை.

முதல் பயணம் ஒரகடத்தில் என் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் நாற்பது பேர். ஸ்டாண்டை நீங்களே விரித்தீர்கள். ஒவ்வொருத்தியும் கண்ணை வைக்கும் முன்னால், "கைய பின்னால கட்டு" என்றீர்கள். "ஏ, நிலா தலைகீழால்லா தெரியுது" என்று ஒருத்தி கத்தினாள். "அதுக்கு நாமதாம்மா தலைகீழ்" என்றீர்கள். எங்கள் லைன் சூப்பர்வைசரும் குடும்பத்தோடு வந்திருந்தார். குழாயைப் பிடிக்கக் கை நீட்டியதும், "சார், நீங்களுந்தான். கைய பின்னால கட்டுங்க" என்றீர்கள். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு குனிந்ததும் மாடியே சிரித்தது. அடுத்த வாரம் முழுக்க லைனில் அவரைக் கண்டால் நாங்கள் கையைப் பின்னால் கட்டினோம்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நாம் மட்டும்தான். உங்கள் மகன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார். நீங்கள் கண்வில்லைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்:

"உனுக்கு ஆடல. பொய் சொன்ன."

நான் பின்னால் திரும்பிக் குழாய்ப் பையைச் சரிசெய்தேன்.

"எனுக்காகத்தான அந்தச் சட்டம் போட்ட?"

"ஆமா மாமா."

நீங்கள் வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நமக்கு நடுவில் சீட்டின் மேல் வைத்தீர்கள். அது அதன் பாட்டுக்கு நடுங்கியது. முதல் தடவையாக நீங்கள் அதை மறைக்கவில்லை. "டாக்டராண்ட போலாம். நீ வா. அவன் வந்தா பயப்படுவான்" என்றீர்கள்.

போனோம். நடுக்க நோயின் தொடக்கம் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். குறையும், போகாது என்றார்கள். வெளியே வந்ததும் நீங்கள் கேட்டது, சனி கோளைப் பார்க்க இந்தக் கண்வில்லை போதுமா என்று. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். படப்பையில் அந்தப் புது மனைப்பிரிவு, மண்ணூர்ப் பள்ளிக்கூடத்து மைதானம், எங்கள் ஊருக்குக் கூட ஒருமுறை ரயிலில் கொண்டுபோனோம். ரசம் வேண்டும் என்றால் அடுப்படிக்கே வந்து நின்றீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படுக்கப் போகும் முன், வானம் எப்போது வெளிவாங்கும் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

நிலாக் காட்ட இப்போதும் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். ஆனால் மூன்று பையையும் நான் ஒருத்தியே தூக்கி ஷேர் ஆட்டோ ஏற முடிவதில்லை. உங்கள் மகனுக்கு ஷிப்ட் ஒத்துவருவதில்லை. தனியாகத் தூக்கிப் போகச் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று போன சனிக்கிழமை இருவரும் சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் அவரைப் பார்த்தே பேசினார். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்று குழாயின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார். உங்கள் மகன், "அவங்களாண்ட சொல்லுங்க" என்று என்னைக் காட்டினார்.

"பையனுக்கா மேடம்? ஸ்கூல் ப்ராஜெக்டா?"

"இல்ல, எனக்குத்தான். கொழாயை அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஸ்டாண்ட எடுங்க. நானும் ஒரு மாசமா நல்ல ஸ்டாண்டாத் தேடிக்கினு கீறேன்."

உங்கள் மகன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். "இன்னா நீ, எங்கப்பா மாதிரியே பேசுற" என்று சிரிக்கத் தொடங்கினார். ஏன் என்று தெரியாமல் கடைக்காரரும் சிரித்தார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

நேற்று அம்மா போன் பண்ணியபோதும் அப்படி ஏதோ வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. "என்னட்டீ பேச்சு இது, யார்ட்ட படிச்ச?" என்று கேட்டாள்.

"எங்க மாமாட்ட" என்றேன்.